படகில் மூன்று பேர், பெண்டாட்டி நீங்கலாக

துடுப்பும் கூடாரமுமாக ஆற்றில் நாலு நாள் போய்வரலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், கூட இருப்பவர்களில் படிக்கிற பழக்கமுள்ள ஆசாமி ஒருவர் உடனே ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வார். ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய ‘த்ரீ மென் இன் எ போட்’. 1889-ல் வந்தது. கல்யாணமாகாத மூன்று வாலிபர்கள், மான்ட்மோரன்சி என்ற ஒரு நாய், தேம்ஸ் நதி, மழை, உருளைக்கிழங்கு. படித்தால் வயிறு வலிக்கும்.

ஆனால் ஜெரோமை அதை எழுதக் கிளப்பிவிட்ட படகுப் பயணத்தின் ஆள் கணக்கு வேறு. அதில் ஆண் ஒருவர்தான். நாய் கிடையவே கிடையாது. மீதி இருந்த நபர் அவருடைய புது மனைவி. அது ஒரு தேனிலவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். முழு மணப்பெண்ணை நகைச்சுவையில் மறைத்த பெருமை ஜெரோமுக்கே உரியது.

மாப்பிள்ளையின் ஜாதகத்தை முதலில் பார்த்துவிடுவோம். வயது 29. அப்பா சுரங்கத் தொழிலில் பணத்தைப் போட்டு, போட்ட பணத்தைச் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். பையன் வளர்ந்து ஆளாகும் முன்பே அப்பாவும் போனார், அம்மாவும் போனார். படிப்பை மூட்டை கட்டிவிட்டு ரயில்வேயில் சேர்ந்தான். தண்டவாள ஓரம் சிந்திய நிலக்கரியைச் சேகரிப்பதில் ஆரம்பித்தது உத்தியோகம். அப்புறம் ஹரால்ட் கிரிச்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு நாடகக் கம்பெனி. அப்புறம் பத்திரிகை, வாத்தியார் வேலை, மூட்டை கட்டும் வேலை, வக்கீல் குமாஸ்தா. 1886-ல் சோம்பேறியின் சிந்தனைகள் என்று ஒரு கட்டுரைத் தொகுப்பைப் போட்டு, இத்தனை வேலை பார்த்தவன் சோம்பேறி என்று ஊரையும் நம்பவைத்தார்.

மணப்பெண் ஜார்ஜினா எலிசபெத் ஹென்றியெட்டா ஸ்டான்லி மாரிஸ். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் படகு அடுத்த ஊரைத் தாண்டிவிடும் என்பதால் வீட்டில் ‘எட்டி’ என்று கூப்பிட்டார்கள். அம்மணிக்கு இது இரண்டாவது கல்யாணம். ஐந்து வருட முதல் தாம்பத்தியமும், எல்சி என்று ஒரு மகளும் ஏற்கெனவே உண்டு. முதல் கணவரிடமிருந்து விவாகரத்து கிடைத்த ஒன்பதாம் நாள், 1888 ஜூன் 21 அன்று, ஜெரோமைக் கைப்பிடித்தார். விக்டோரியா மகாராணி கறுப்பு உடுப்பில் நாட்டுக்கே ஒழுக்கம் போதித்துக்கொண்டிருந்த காலம். மகாராணி கணவர் இறந்து 26 வருஷமாகியும் துக்கம் முடிக்கவில்லை. எட்டி ஒன்பதே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்.

கல்யாணமான கையோடு காசுள்ளவர்கள் இத்தாலிக்குப் போனார்கள். காசில்லாதவர்கள் எங்கும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஜெரோம் தேம்ஸுக்குப் போனார். ஒரு சின்னப் படகு, அதில் இருவர்.

அந்த நாளில் ஆறு என்பது என்ன என்று தெரிந்தால்தான் இந்தக் காரியத்தின் துணிச்சல் புரியும். 1865-ல் ஜான் மக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்கார பாரிஸ்டர், ‘ராப் ராய்’ என்ற பெயரில் ஒரு கனூவைக் கட்டிக்கொண்டு ஐரோப்பிய நதிகளில் தன்னந்தனியாகத் திரிந்தார். திரும்பி வந்து புத்தகம் எழுதினார். அவ்வளவுதான், இங்கிலாந்து ஆண்களுக்குக் கனூ பைத்தியம் பிடித்தது. 1866-ல் கனூ கிளப் முளைத்தது. வேல்ஸ் இளவரசரே அதற்குத் தலைமை ஏற்றார். இத்தனைக்கும் ராப் ராயின் தனிச்சிறப்பு, அதில் ஒருவர்தான் உட்கார முடியும் என்பது. குடும்பத் தகராறுக்கு அதைவிடச் சிறந்த தச்சு வேலை இன்றுவரை யாரும் செய்யவில்லை.

1876-ல் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனும் நண்பர் ஒருவரும் பெல்ஜியம், பிரான்ஸ் பக்கம் கனூவில் கிளம்பினார்கள். நண்பர்கள்தான், ஆனாலும் ஆளுக்கொரு கனூ. ஆக, ஆறு என்பது ஆண்பிள்ளை வீட்டை விட்டு ஓடுகிற வழி என்று நாடே தீர்மானித்திருந்தது. அந்த வழியில் வீட்டையே படகில் ஏற்றிக்கொண்டு போனவர் ஜெரோம். பிற்பாடு நடந்த எல்லாக் கோளாறுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

படகிலேயே முகாம் போடுவது எப்படி என்பதைப் புத்தகமே விவரமாகச் சொல்கிறது. படகின் இரு ஓரத்திலும் உள்ள துளைகளில் வளைந்த இரும்புக் கம்பிகளைச் செருக வேண்டும். அவற்றின் மேல் கித்தான் துணியை இழுத்துப் போர்த்திக் கீழே கட்ட வேண்டும். படகு கூண்டு வண்டி மாதிரி ஆகிவிடும். அடியில் விரிப்பைப் போட்டுத் தூங்கலாம். எழுத்தில் பார்த்தால் பத்து நிமிஷ வேலை. புத்தகத்தில் கதைசொல்லியின் நண்பர்கள் ஹாரிஸும் ஜார்ஜும் இந்தத் துணியை விரிக்கப் போய், விரிப்பதற்குப் பதில் அதற்குள் சுருண்டு, மூச்சு முட்டித் திணறுகிறார்கள். கதை சொல்கிறவரோ, சொன்ன இடத்தை விட்டு அசையக் கூடாது என்ற உத்தரவை மதித்து, துணி ஏன் இப்படித் துள்ளுகிறது என்று வேடிக்கை பார்க்கிறார்.

இப்போது ஹாரிஸையும் ஜார்ஜையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்யாண ஜோடியை வைத்துப் பாருங்கள். துணிக்குள் ஒருவர், வெளியே ஒருவர். உள்ளே இருப்பவரிடமிருந்து வருகிற சொற்கள் தேனிலவுக்கு உரியவை அல்ல.

இன்னொரு காட்சியில் டீ போடுகிறார்கள். ஆற்றங்கரையில் கெட்டில் சீக்கிரம் கொதிக்க வேண்டுமானால் அதன் பக்கம் திரும்பவே கூடாது, டீயே பிடிக்காது என்று அது காதில் விழும்படி உரக்கப் பேசிக்கொள்ள வேண்டும் என்பது புத்தகம் தரும் உபாயம். மூன்று ஆண்கள் செய்தால் இது கூத்து. புதுக் கணவன் ஒருவன் இருட்டில் குந்திக்கொண்டு, “எனக்கு டீ வேண்டவே வேண்டாம்!” என்று ஒரு பாத்திரத்தைப் பார்த்துக் கத்தினால்? பக்கத்திலிருக்கும் மனைவி, விவாகரத்து வாங்கித் தந்த வக்கீலின் விலாசம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பையைத் துழாவியிருப்பார்.

அன்னாசி டப்பா விவகாரம் உலகப் பிரசித்தம். டப்பா இருக்கிறது, திறக்கிற கருவி வீட்டில் இருக்கிறது. பேனாக்கத்தியால் குத்துகிறார்கள், கத்திரிக்கோலால் நெம்புகிறார்கள், கல்லையும் பாய்மரக் கம்பத்தையும் கொண்டுவந்து அடிக்கிறார்கள். டப்பா நசுங்கி, கோணி, பேய்முகம் காட்டுகிறதே தவிரத் திறக்கவில்லை. கடைசியில் ஆற்றில் வீசி எறிகிறார்கள். மூன்று ஆண்கள் மறந்தால் பழி மூன்றாகப் பங்கு பிரியும். இருவர் போன படகில், “நீதானே எடுத்து வைத்தாய்?” என்ற கேள்வி ஒரு திசையில்தான் போகும். உடனே அதே கேள்வி எதிர்த் திசையில் திரும்பி வரும். அந்தச் சண்டையை எழுதியிருந்தால் அன்னாசிக்கு இந்தப் புகழ் கிடைத்திருக்காது.

எட்டி எங்காவது தப்பித்தவறி எட்டிப் பார்க்கிறாரா என்று புத்தகத்தைத் துருவினால் ஒரு சந்தேகம் எழுகிறது. படகில் பெண்கள் உடுத்துகிற உடையைப் பற்றி கதைசொல்லி ஒரு பாட்டம் புலம்புகிறார். கண்ணாடி அலமாரிக்குள் நிற்கவேண்டிய பட்டும் லேஸுமாக வந்த இரண்டு பெண்கள், துடுப்பிலிருந்து ஒரு சொட்டுத் தெறித்தாலும் உள்ளுக்குள் நொறுங்குகிறார்கள். உட்காரும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து மாய்கிறார்கள். கரையிலிருந்து கயிறு கட்டிப் படகை இழுக்கிற பெண்களைப் பற்றியும் தனியாக ஒரு பிரசங்கம் உண்டு. பிரம்மச்சாரிக்கு இவ்வளவு நுணுக்கம் எங்கிருந்து வந்தது?

தேனிலவு முடிந்து ஜோடி லண்டன் செல்சியில் குடியேறியது. 97 படி ஏறினால் வீடு. அங்கே வட்டமான ஒரு சின்ன அறை. சுற்றிலும் ஜன்னல், கலங்கரை விளக்கம் மாதிரி. கீழே தேம்ஸ். ஜெரோம் அங்கே உட்கார்ந்து எழுத நினைத்தது சிரிப்புப் புத்தகமே இல்லை. தேம்ஸின் கதை, அதாவது கரையோர ஊர்கள், அரசர்கள், கோட்டைகள், காட்சி வர்ணனை. இடையிடையே வாசகர் கொட்டாவி விடாமலிருக்கக் கொஞ்சம் தமாஷ். அந்தத் தமாஷை முதலில் எழுதித் தள்ளிவிட்டால் நிம்மதியாகச் சரித்திரத்துக்குப் போகலாம் என்று ஆரம்பித்தார். தமாஷ் முடியவே இல்லை. அப்படியும் அரும்பாடுபட்டுச் சேர்த்த சரித்திரத்தை, ‘ஹோம் சைம்ஸ்’ பத்திரிகை ஆசிரியர் ராபின்சன் பெரும்பாலும் வெட்டி வீசினார். பெயரையும் மாற்றச் சொன்னார். இங்கிலாந்தின் அரசர்கள் ஒரு கூட்டமாகப் படகிலிருந்து இறங்கிப் போனார்கள்.

அவர்களுக்கு முன்பே இறங்கிவிட்டவர் எட்டி. அவருடைய இடத்தில் இரண்டு நண்பர்கள் ஏறினார்கள். ஜார்ஜ் என்பவர் ஜார்ஜ் விங்கிரேவ், பாங்கி குமாஸ்தா, பழைய அறைத் தோழர். ஹாரிஸ் என்பவர் கார்ல் ஹென்ட்ஷெல், அச்சுத் தொழில்காரர். இவர்களோடு ஜெரோம் பலமுறை தேம்ஸில் படகு வலித்தது நிஜம்தான். ஆனால் மான்ட்மோரன்சி? அப்படி ஒரு நாய் பூமியில் இருந்ததே இல்லை, ஜெரோமின் மண்டைக்குள் பிறந்தது. யோசித்துப் பாருங்கள். அதே வீட்டில், அதே 97 படி ஏறி இறங்கிக்கொண்டு, ரத்தமும் சதையுமாக ஒரு மனைவி இருக்கிறார். அவருக்குப் படகில் இடமில்லை. இல்லாத நாய்க்கு முன்வரிசையில் ஆசனம்.

ஜெரோம் கல்நெஞ்சர் அல்ல. தொழில் தெரிந்தவர். ஆண்கள் வீட்டை விட்டு ஓடுவதைப் பற்றிய புத்தகத்தில் வீடு உட்கார்ந்திருந்தால் எடுபடாது. நண்பனைக் கோமாளியாக்கலாம், மறுநாள் ஒரு பீர் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத மனைவியைக் கோமாளியாக்கினால், இறங்குவதற்கும் 97 படி இருக்கிறது. தவிர, ஒன்பது நாள் விவகாரத்தை ஊர் கணக்கிட்டுப் பார்க்கட்டும் என்று எந்தப் புருஷன் அச்சில் அழைப்பு வைப்பான்? அந்தக் காலச் சட்டப்படி கணவன் விவாகரத்து கேட்டால் மனைவியின் சோரத்தை நிரூபித்தால் போதும். மனைவி கேட்டால் சோரத்தோடு கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இவ்வளவையும் தாண்டி வந்தவரை மறுபடி வேடிக்கைப் பொருளாக்காமல் விட்டதும் ஒருவகை மரியாதைதான்.

எல்லாரும் அப்படி மறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஸ்டீவன்சன் 1880-ல் கல்யாணம் செய்துகொண்டு, கலிபோர்னியாவில் கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தில் முகாம் போட்டுத் தேனிலவு நடத்தினார். மனைவியின் முதல் திருமணத்து மகனும் கூடப் போனான், நாயும் போனது. அவர் எழுதிய புத்தகத்தில் மனைவி உண்டு, மகன் உண்டு, நாய் உண்டு. ஆனால் கூடாரம் போடப் போகிறவர் எவரும் அந்தப் புத்தகத்தை மூட்டையில் வைத்துக் கொண்டு போவதில்லை.

ஜெரோமின் புத்தகத்தை விமரிசகர்கள் கிழித்தார்கள். ‘பஞ்ச்’ பத்திரிகை அவர் பெயரைக் கொச்சையாகத் திரித்து ‘ஆரி கே. ஆரி’ என்று நக்கலடித்தது. குமாஸ்தாக்களைப் பற்றிக் குமாஸ்தாக்களுக்காக எழுதிய கீழ்த்தரச் சரக்கு என்பது குற்றச்சாட்டு. குமாஸ்தாக்கள் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு வாங்கிக் குவித்தார்கள். இத்தனை பிரதி எங்கேதான் போகிறது, ஜனங்கள் தின்கிறார்களோ என்று பிரிஸ்டல் பதிப்பாளர் ஆரோஸ்மித் வியந்தாராம். அமெரிக்காவில் திருட்டுப் பதிப்பாகவே பத்து லட்சத்துக்கு மேல் போனதாக ஜெரோம் கணக்குச் சொன்னார். அதில் சல்லிக்காசு அவருக்கு வரவில்லை. அன்றிலிருந்து மூன்று மூன்று பேராக ஆண்கள் தேம்ஸில் அதே வழியில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பிபிசிகூட மூன்று நகைச்சுவை நடிகர்களையும் ஒரு நாயையும் படகில் ஏற்றிப் படம் பிடித்தது. தேனிலவை நினைத்துக்கொண்டு அந்த வழியே போகிறவர் உண்டோ!

1900-ல் ஜெரோம் அடுத்த பாகம் எழுதினார். அதே மூவர், இம்முறை ஜெர்மனியில் சைக்கிள் பயணம். தேனிலவு நடந்து பன்னிரண்டு வருடம் கழித்து, கடைசியாக, கதைசொல்லிக்கு ஒரு மனைவி வந்தாள். எதெல்பெர்தா என்று பெயர். வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் ஓட வேண்டும், இதை மனைவி மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று ஆண்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். விஷயத்தைச் சொன்னால், நீங்கள் எப்போது தொலைவீர்கள் என்றுதான் நானும் காத்திருந்தேன் என்கிற தோரணையில் எதெல்பெர்தா சந்தோஷமாக வழியனுப்புகிறாள். அந்தப் பேச்சை ஜெரோம் கற்பனை செய்தார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அந்தப் புத்தகத்திலேயே இன்னொரு கதையும் இருக்கிறது. ஹாரிஸ் தன் மனைவியோடு ஹாலந்தில் இரட்டைச் சைக்கிள் ஓட்டுகிறார். பின் இருக்கையில் இருந்த அம்மாள், அவர் சொன்னதைத் தப்பாகக் கேட்டு வழியில் குதித்துவிடுகிறாள். ஹாரிஸ் மைல்கணக்கில் மிதித்துக்கொண்டே போகிறார், பின்னால் ஆளில்லை என்ற உணர்வே இல்லாமல். அப்புறம் தேடல், போலீஸ், திண்டாட்டம். கடைசியில் மனைவியை வண்டியில் ஏற்றி அனுப்பிவைக்கிறார்கள், கூடவே செலவுக்கான பில்லும் வருகிறது.

பாவம் ஹாரிஸ். தெரியாமல் வழியில் விட்டதற்குத் தண்டம் கட்டினார். தெரிந்தே படகிலிருந்து இறக்கிவிட்ட ஜெரோமுக்கு ராயல்டி வந்தது. அவர் 1927-ல் கண் மூடும்வரை அதை எட்டியும் சேர்ந்தே அனுபவித்தார்.