ஆப்பம் சுட்ட தரை

கொல்லிமலைச் சோளக்காட்டில் மிளகுக்கொடி பார்க்கும் அண்ணனுக்கு, லண்டன் தம்பி எழுதும் கடிதங்களில் வழக்கமாகக் குளிரும் வாடகையும்தான் இருக்கும். இந்தத் தடவை நாலு பக்கமும் வீடு.

விக்டோரியா காலத்து வரிசை வீடு. வெகுநாள் பூட்டிக் கிடந்ததால் மலிவாக வந்தது. வெள்ளையடித்தால் போதும் என்று நம்பிப் பால் காய்ச்சினார். மூன்றாம் வாரம் முன்னறைப் பலகைத் தரையில் வலது கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. “அண்ணே, டார்ச் அடிச்சுப் பார்த்தா, உள்ளே யாரோ ஆப்பம் சுட்டு வச்ச மாதிரி இருந்துச்சு.”

ஓரம் வெள்ளை, நடுவில் துருச்சிவப்பு. மரத்தைத் தின்னும் காளான் அது. பெயர் செர்பூலா லாக்ரிமான்ஸ். மேலே துளித்துளியாக நீர் கோத்து நிற்பதால் ‘அழுகிற’ என்று பொருள்படும் பெயர். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து. செங்கல் சுவரையும் கடந்து அடுத்த மரத்துக்கு இழை நீட்டும். அதன் சிவந்த பொடியைச் செங்கல் தூசி என்று நினைத்துத் தம்பி தினமும் துடைத்திருக்கிறார், பாவம்.

இமயமலைக் காடுகளில் இந்தக் காளான் தானாக வளர்வதைக் கண்டிருக்கிறார்கள். “நமக்கு முன்னாடியே வந்து குடியேறின ஆளு. விசா கேட்டவன் இல்லை” என்கிறது கடிதம்.

காளான் தெரியும் இடத்தைத் தாண்டியும் ஒரு மீட்டர் மரத்தை அறுத்தெறிவது அங்கத்திய வழக்கம். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் வேலை என்றால் 1996-ஆம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்த அலைச்சலுக்கு, கொல்லிமலை அடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே ஏறிவிடலாம் என்று தோன்றியதாம்.

காளான் வந்த காரணம்தான் தம்பியைக் குடைகிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர், வாங்கிய ஈரத்தைத் தானே விட்டுவிடும். தரைக்கடியில் காற்றோட அடிச்சுவரில் ஓட்டைச் செங்கல் இருக்கும். முன்பிருந்த யாரோ குளிருக்குப் பயந்து ஓட்டைகளை அடைத்து, வெளியே சிமெண்டும் பூசிவிட்டார்கள். ஈரம் போக வழியில்லை.

ஐந்து வருஷம் முன்பு, ‘கௌரவமாக இருக்கட்டும்’ என்று பணம் அனுப்பி, ஊர் மண்வீட்டுக்குச் சிமெண்ட் பூச வைத்தவரும் இதே தம்பிதான். அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. இரண்டாம் மழைக்கே பூச்சு, மண்ணையும் பெயர்த்துக்கொண்டு பாளமாக விழுந்தது. அன்று போனில் கொத்தனாருக்குக் கிடைத்த வசவை அண்ணன் இன்னும் மறக்கவில்லை.

கடிதத்தின் கடைசி வரி, மை மாறி, ஓரத்தில் இருக்கிறது: “அந்தக் கொத்தனாரை ரொம்ப விசாரிச்சதாச் சொல்லு.”