மூன்று தோட்டா, ஒரே துப்பாக்கி: நீங்களும் உருவாக்கலாம்!

பட்டாளத்துக்கு ஒரு துப்பாக்கி செய்து கொடுக்கும் ஆசை உங்களுக்கு உண்டா? அதுவும் குழலை மாற்றினால் வேறு தோட்டா சுடும் 'பல கேலிபர்' துப்பாக்கியா? லேத், வெடிமருந்து எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கோப்புகளும் பொறுமையும் போதும். இந்தியாவில் நன்றாகச் சோதித்துப் பார்த்த செய்முறை கீழே.

படி 1: கையில் இருக்கும் துப்பாக்கியில் குறை காணுங்கள்

இந்திய ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கியைப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வுக்கூடமான ஏ.ஆர்.டி.இ. வடிவமைத்தது. இஷாப்பூரிலும் திருச்சியிலும் அது தயாரானது. 1999 கார்கில் போரின்போது, குளிரில் அதன் மேகசின் (தோட்டாப் பெட்டி) விரிசல் விடுவதாகப் புகார் வந்தது. மேகசினைச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொண்டால் அது வெறும் பழுதுபார்ப்பு. நமக்கு வேண்டியது திட்டம்.

படி 2: இரண்டு கட்சிக்கும் தலையாட்டுங்கள்

ஒரு கட்சி 5.56×45 மி.மீ. (குண்டின் விட்டம் × உறையின் நீளம்) தோட்டாவைக் கேட்கும். அது எடை குறைவு, நிறையச் சுமக்கலாம்; எதிரி செத்துப்போவதைவிடக் காயப்பட்டால் லாபம், அவனைத் தூக்க இன்னும் இருவர் வருவார்கள் என்பது கணக்கு. மறு கட்சி 7.62×39 கேட்கும். காட்டிலும் சந்திலும் எதிர்ப்படும் தீவிரவாதியைத் தூக்கிப்போக யாரும் வரமாட்டார்கள், அவன் உடனே விழவேண்டும் என்பது அவர்கள் வாதம். இரண்டுமே நியாயம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் மனம் நோகும். ஆகவே இரண்டையும் கேளுங்கள். 2011இல் ராணுவம் அப்படித்தான், குழல் மாற்றி இரண்டு தோட்டாவும் சுடும் 66,000 துப்பாக்கிகளுக்கு டெண்டர் விட்டது.

படி 3: உலகத்தையே கூப்பிடுங்கள்

43 நிறுவனங்களுக்கு டெண்டர் போனது. அமெரிக்காவின் கோல்ட், இத்தாலியின் பெரெட்டா, செக் நாட்டின் சி.இசட்., இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. ஆகியவை கடைசிவரை தாக்குப்பிடித்துச் சோதனைக்கு வந்தன. ராணுவத்தின் தேவைப் பட்டியல்கள் சில மார்வெல் படக்கதையிலிருந்து வந்தவைபோல இருக்கின்றன என்ற பொருளில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரே பேசினார். மனம் தளராதீர்கள். ஒரு துப்பாக்கிகூட வாங்காமல் 2015 ஜூனில் டெண்டரை ரத்து செய்யுங்கள். அனுபவம் மிச்சம்.

படி 4: கேட்டது இரண்டு, கொடுப்பது மூன்று

இதற்குள் உள்நாட்டு முன்மாதிரியும் தயாராகியிருக்க வேண்டும். 2014இல் டெல்லி டிஃபெக்ஸ்போ ராணுவத் தளவாடக் கண்காட்சியில் ஏ.ஆர்.டி.இ. தன் பல கேலிபர் துப்பாக்கியைக் காட்சிக்கு வைத்தது. 5.56×45, 7.62×39 இரண்டோடு யாரும் கேட்காத 6.8×43ஐயும் அது ஏற்றது. ஒரு மிக்ஸி, மூன்று ஜார் என்று பார்வையாளர் புரிந்துகொண்டு நகர்வார். அவர் கேள்வி கேட்காமல் நகரும்வரை பேசிக்கொண்டே இருங்கள்.

காரணம், குழலை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. தோட்டாவின் அடிவட்டைப் பிடித்து இழுப்பது போல்ட். 5.56இன் அடிவட்டு சுமார் 9.6 மி.மீ., 6.8க்கு 10.7, 7.62×39க்கு 11.3. ஆகவே போல்ட்டும் மாறவேண்டும். 7.62×39 தோட்டா அடியில் பருத்து நுனியில் ஒடுங்குவதால் அதன் மேகசின் வாழைக்காயாக வளையும், அதுவும் தனி. எல்லாவற்றையும் மாற்றியபின் குறி விலகியிருக்கும். மறுபடி இலக்கில் சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

படி 5: ஜவானிடம் கேட்காதீர்கள்

கேட்டால் அவர் எடக்குமடக்காகப் பதில் சொல்வார். "சார், மாத்துக் குழலை யார் சுமக்கிறது? மலைமேல சண்டை நடக்கும்போது குறி சரிபார்க்க இலக்குப் பலகை எங்க நடுறது? எனக்கு ஒரு தோட்டா, பக்கத்துல இருக்கிறவனுக்கு வேற தோட்டான்னா, தீர்ந்துபோனா யார்கிட்ட கடன் கேக்கிறது?" இப்படிப்பட்ட கேள்விகள் திட்டத்தின் வேகத்தைக் கெடுக்கும்.

படி 6: நான்காவது தோட்டாவைக் கேளுங்கள்

இதுதான் செய்முறையின் உச்சம். மூன்று தோட்டாவுக்கும் இடம்கொடுத்துத் துப்பாக்கியின் உடல் தயாரான பிறகு, ராணுவம் 2016இல் 7.62×51 வேண்டுமென்றது. முன்மாதிரி ஏற்கும் தோட்டாக்களின் முழுநீளம் 56, 57 மி.மீ. அளவில் இருக்கும். 7.62×51இன் நீளம் 71 மி.மீ. எந்தக் குழலை மாட்டினாலும் அந்த மேகசின் வாயில் இது நுழையாது. எதையும் ஏற்கும் துப்பாக்கியிடம், அது ஏற்க முடியாத ஒரே ஒன்றைக் கேட்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

படி 7: கடைக்குப் போங்கள்

2017இல் இஷாப்பூர் தொழிற்சாலையின் 7.62×51 துப்பாக்கி சோதனையில் தேறவில்லை. 2019இல் அமெரிக்காவின் சிக் சாவரிடம் அதே தோட்டா சுடும் 72,400 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. 2021 டிசம்பரில் ரஷ்யாவுடன் சேர்ந்து உத்தரப்பிரதேசத்தின் அமேதி மாவட்டத்துக் கோர்வாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 தயாரிக்க ஒப்பந்தம். அது சுடுவது 7.62×39. பழைய இன்சாஸும் 5.56ஐச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரே துப்பாக்கியில் பல தோட்டா கிடைக்காமல் போனாலும், ஒரே ராணுவத்தில் பல தோட்டா கிடைத்துவிட்டது.

எச்சரிக்கை

பின்வரும் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். 2024 ஜனவரியில் அதே ஏ.ஆர்.டி.இ., ஒரு ஐதராபாத் தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து 'உக்ரம்' என்ற துப்பாக்கியை வெளியிட்டது. 7.62×51 என்ற ஒரே தோட்டா, நான்கு கிலோவுக்கும் குறைந்த எடை, 500 மீட்டர் வீச்சு. உருவாக்கி முடிக்க நூறு நாள்கூட ஆகவில்லை என்றார்கள். எந்தத் தோட்டா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் இப்படித்தான் வேலை சீக்கிரம் முடிந்துபோகும். பொறியாளர்களால் முடியும் என்பது தெரிந்துவிட்டால், அடுத்த கமிட்டிக்கு என்ன வேலை இருக்கும்?