எல்லாவற்றுக்கும் ஒரு சூடோ

பனமலையில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி, பைத்தானின் ஜாங்கோ பொதியை நிறுவப் பார்க்கிறார் ஒரு கல்லூரி மாணவர். ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது திரை. சிஸ்டம் கோப்புறை ரூட் என்ற நிர்வாகிக்குச் சொந்தம். அவர் அங்கே வெறும் பயனர். நின்று படிப்பாரா? கட்டளைக்கு முன்னால், ரூட் அதிகாரம் வாங்கித் தரும் ‘சூடோ’வைச் சேர்த்து மறுபடி தட்டுகிறார்.

பக்கத்துச் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்கு 1690 முதல் 1698 வரை ஆயிற்று. நம்மவருக்கு ஒரு பாஸ்வேர்டு.

உள்ளே போனபின்தான் கூத்து. இறங்கிய கோப்புகள் ரூட் பெயரில் பட்டாவாகிவிடும். அடுத்த அப்டேட்டுக்கும் சூடோ வேண்டும். பொதியின் நிறுவல் நிரலும் அதே அதிகாரத்தில் ஓடும். அதை எழுதிய மகராசன் யாரென்று யார் பார்த்தது? ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிறுவும் என்பிஎம்மில், 2018 பிப்ரவரியில் வந்த 5.7.0-ஐச் சூடோவோடு ஓட்டிய சிலரின் லினக்ஸில் சிஸ்டம் கோப்புறைகளின் உரிமையே மாறிப்போனது. 5.7.1 அவசரமாக வந்தது.

பொறுத்தது போதுமென்று 2023-ல் டெபியன் 12 என்ற லினக்ஸ், பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கட்டளை சிஸ்டம் பைத்தானில் கைவைப்பதையே தடுத்தது. மீறியே தீருவேன் என்பவர், கட்டளையோடு ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று கைப்பட எழுதித் தரவேண்டும். தருகிறார்கள்!

இத்தனைக்கும் 2012-ல் வந்த பைத்தான் 3.3-லேயே வென்வ் உண்டு. சொந்தக் கோப்புறைக்குள் தனி இடம். ஜாங்கோ அங்கே முணுமுணுக்காமல் உட்காரும். டெபியனில் வென்வ் பொதி இல்லையென்றால் மட்டும் ஒருமுறை அதன் சொந்த நிறுவியான ஏப்ட் வழியாக ஏற்ற வேண்டும். அதற்கு, ஆமாம், சூடோதான்.