மியூனிக்கில் சிபாரிசு செல்லாது

மியூனிக்

அன்புள்ள மாமாவுக்கு,

மாப்பிள்ளைக்கு இங்கே வேலை உறுதியானதுமே பேத்தியின் பள்ளிக்கூடக் கவலை உங்களைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நல்ல பள்ளியாகப் பார்த்து, யாரையாவது பிடித்து, டொனேஷன் எவ்வளவானாலும் சீட் வாங்கிவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிப்பதற்கு இங்கே ஆள் கிடையாது மாமா. வீடு பிடித்து, குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிந்தால் வேலை முடிந்தது. எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தத் தொடக்கப் பள்ளி என்று முன்பே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிதான், கட்டணம் இல்லை. வேறு பள்ளி வேண்டுமானால் கட்டாயமான காரணம் காட்டி மனுப் போடலாம். ‘அங்கே ரிசல்ட் நன்றாக வருகிறதாம்’ என்பது அந்தக் காரணங்களில் சேராது. வம்பே வேண்டாம், வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவோம் என்றால் அதற்கும் சட்டம் இடம் தராது. விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிள்ளையோடு விமானம் ஏறினால்கூட அபராதம் வரலாம். 2018-இல், மியூனிக் இருக்கும் இதே பவேரியா மாநிலத்தில், மெம்மிங்கன் விமான நிலையத்தில், பள்ளி நாளில் பயணம் கிளம்பிய குடும்பங்களைப் போலீஸ் நிறுத்தி விசாரித்தது. நம் ஊரில் மட்டம் போடுவது பிள்ளை. இங்கே அப்பாவும் அம்மாவும்.

ஆங்கிலத்தில் நடத்தும் சர்வதேசப் பள்ளிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, ஆண்டுக்கு இருபதாயிரம் யூரோ அளவில் கேட்பார்கள். கம்பெனி கட்டுகிறவரை கவலையில்லை. கம்பெனி கையை விரித்தால், ஒன்பது வயதில் ஜெர்மன் தெரியாத குழந்தை உள்ளூர்ப் பள்ளி வாசலில் நிற்கும். அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஏனென்றால் பவேரியாவில் தொடக்கப் பள்ளி நான்கே வருஷம்; நான்காம் வகுப்பு மே மாதச் சான்றிதழ்தான் பிள்ளை அடுத்து எங்கே போகும் என்பதைச் சொல்லும். ஜெர்மன், கணிதம், சுற்றுப்புறப் பாடம் மூன்றுக்கும் சராசரி 2.33-க்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகும் கிம்னாசியம், 2.66-க்குள் என்றால் அதற்கு அடுத்த படியான ரியால்ஷூலே, மற்றவர்களுக்குக் கடைசிப் படியான மிட்டல்ஷூலே. (இங்கே 1 தான் முதல் தரம், 6 கடைசி. பேத்தி ‘ஒன்று’ வாங்கினாள் என்று கேட்டு மயங்கி விழுந்துவிடாதீர்கள்.) மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் ஜெர்மனுக்கே போகிறது, மற்ற இரண்டின் கேள்வித்தாளும் ஜெர்மனில்தான். ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் நஷ்டக் கணக்கு. ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர்வதே லாபம் என்பது என் கட்சி.

பாஷை தெரியாமல் குழந்தை ஊமையாக உட்கார்ந்திருக்காதா? சில மாதம் உட்காரலாம். ஆனால் முதல் வகுப்பில் எண் மதிப்பெண்ணே இல்லை. ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் எழுத்தையே முறையாகத் தொடங்குகிறார்கள். மழலையர் பள்ளியில் அவர்கள் மண்ணிலும் சேற்றிலும் புரண்டுவிட்டு வருகிறவர்கள். எல்கேஜி, யுகேஜி இரண்டிலும் ஹோம்வொர்க் எழுதித் தேய்ந்த நம் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் பழைய சங்கதி. பேச்சு ஒன்றுதான் பாக்கி. அதை வாத்தியார் பாதி கற்பித்தால், விளையாட்டு மைதானம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக வந்து சேர்கிறவர்களுக்கு டாய்ச்கிளாஸே என்ற ஜெர்மன் மொழித் தனி வகுப்பும் உண்டு.

பத்து வயதில் தரம் பிரிப்பது அநியாயம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். 2001-இல், பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வின் முதல் முடிவு வந்தபோது, பிள்ளையின் மதிப்பெண்ணைப் பெற்றோரின் நிலைமை எவ்வளவு தீர்மானிக்கிறது என்று பார்த்து ஜெர்மனியே அதிர்ந்தது. பெர்லினில் தொடக்கப் பள்ளி ஆறு வருஷம். பவேரியா இன்னும் நான்கைவிட்டு அசையவில்லை. பின்னால் ஃபாக்ஓபர்ஷூலே என்ற தொழில்சார் மேல்நிலைப் பள்ளி வழியாக மேற்படிப்புக்குப் போகலாம் என்பது ஓர் ஆறுதல். ஆனால் இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுவது வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளை. அது சீக்கிரம் சேர்ப்பதற்கான காரணமே தவிர, ஒதுங்கி நிற்பதற்கான காரணம் இல்லை. ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால்? இரண்டாம் வகுப்புப் பாடத்தை மறுபடி பிடிப்பது பெரிய மலையில்லை. பத்தாம் வகுப்பில் திரும்பினால்தான் தலைவலி.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. சின்ன வகுப்புகள் மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும் நாட்கள் உண்டு. உங்கள் பெண்ணும் வேலைக்குப் போக நினைத்தால், மதியத்துக்குமேல் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஹோர்ட்டில் இடம் வேண்டும். 2026 ஆகஸ்ட் முதல், முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முழுநாள் பராமரிப்பு சட்டப்படி உரிமை. உரிமை இருந்தாலும் இடம் போதாது. நீங்கள் ஏங்கும் க்யூ அங்கேதான் நிற்கிறது. வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதும் மாப்பிள்ளை முதலில் அங்கே மனுப் போடட்டும்.

தட்டம்மைத் தடுப்பூசி அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2020 மார்ச்சிலிருந்து பள்ளிகள் அதைக் கேட்டே தீர வேண்டும். முதல் நாளன்று குழந்தைக்கு அதன் உயரத்தில் பாதியாவது இருக்கும் காகிதக் கூம்பு நிறைய இனிப்பு கொடுப்பது இங்கே வழக்கம். அத்தையிடம் சொல்லி அதிரசம் அனுப்புங்கள். முறுக்கு வேண்டாம், கூம்புக்குள் நொறுங்கிவிடும்.

அன்புடன்,
உங்கள் மருமான்