பொடி வச்சுச் சொல்லுதேன்

ஏலே பேராண்டி, இங்கன திண்ணையில வந்து உக்காரு. கித்தாரை வகுந்து குடலை வெளிய போட்டுட்டு, கெடாவெட்டு நாள்ல கத்தியைத் தொலைச்சவன் மாதிரி முழிக்கியே, என்ன விசயம்?

புது பிக்கப் மாட்டணும். ஈயம் வச்சுப் பத்தவைக்கவா, இல்ல சொருகுற பிளக் செட்டு வாங்கவான்னு கேக்க. சொருகுனா சத்தம் செத்துரும்னு உங் கூட்டாளி சொன்னானாக்கும். அவன் பாம்புக் காதுக்காரன்லே. முப்பது வருசம் ரேடியோவும் மைக் செட்டும் ரிப்பேர் பாத்த எனக்குக் கேக்காதது அவனுக்குக் கேட்டிருக்கு!

ஒண்ணு மட்டும் சொல்லு. கித்தார்ல இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் போகுதே, அதை ஈயம் வச்சா ஒட்டியிருக்க? நடுவுல நாலு பெடல் வேற. அஞ்சு ஒயர், பத்துச் சொருகு. டெலிபோன் எக்சேஞ்சுல லைன் மாத்துததுக்குன்னு போன நூத்தாண்டுக்கும் முன்னால வந்த அதே கால் இஞ்சு சொருகு. அந்தப் பத்துலயும் சாகாத சத்தம் பதினொண்ணாவது சொருகுல வந்து சாகுமாக்கும்?

கணக்குப் பாப்போம். பிக்கப்புன்னா காந்தத்தைச் சுத்தி, தலைமயிர் மொத்தத்துல செம்புக் கம்பி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தார் வகையில ஏழாயிரம், எட்டாயிரம் சுத்து. அதோட தடை ஆறாயிரம் ஓம் பக்கம் வரும். நல்ல சொருகு முனையில ஒரு ஓம்ல பத்துல ஒரு பங்கு கூடத் தேறாது. ஆறாயிரம் மூட்டை நெல்லு கெடக்க களத்துல ஒரு மரக்கா கொறையுதுன்னு வாசல்ல நின்னே சொல்லுத கணக்குப்பிள்ளைலே உங் கூட்டாளி.

"மாறுச்சு தாத்தா, நானே கேட்டேன்"ங்கியா? மாறியிருக்கும். சொருகு செட்டோட புது வால்யூம் கன்ட்ரோலும் வந்திருக்கும்லா? பழசு 250 கே ஓம், புதுசு 500 கேன்னா சத்தம் கூராத்தான் கேக்கும். களவாண்டவன் ஒருத்தன், கட்டி வச்சது இன்னொருத்தனை.

லியோ ஃபெண்டர்னு ஒரு மனுசன். கலிபோர்னியாவுல ஃபுல்லர்டன்ங்கிற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. தொழில்ல நமக்குப் பங்காளி. கித்தார் வாசிக்கத் தெரியாமலே 1954-ல ஸ்ட்ராட்டோகாஸ்டரை இறக்குன ஆளு. கழுத்தைப் பசை போட்டு ஒட்டாம நாலு ஸ்க்ரூல முறுக்கி விட்டாரு, கெட்டாக் கழட்டி மாட்டிக்கிடட்டும்னு. ஒயரை மட்டும் ஈயத்துல பத்தவச்சாரு. ரேடியோக்காரன் கைப்பழக்கம் அது. அதைப் போயி உங்காளுக வேதமாக்கிட்டாவ. 1969-ல ஆம்பெக் கம்பெனிக்காக டான் ஆம்ஸ்ட்ராங் செஞ்ச கண்ணாடி மாதிரி கித்தார்ல, பிக்கப்பையே மேசை டிராயர் கணக்கா இழுத்து மாத்தலாம். கீத் ரிச்சர்ட்ஸ் அதை மேடையில வாசிச்சாரு. ஈயம் இல்லைன்னு எவனும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கல.

அதுக்காகச் சொருகு என்ன சாமியா? ஒரு கம்பெனிச் சொருகு மத்த கம்பெனிக்குச் சேராது. மாத்திப் போடணும்னா கடைசியில ஒயரை அறுத்து ஈயத்துக்கிட்டதான் வந்து நிக்கணும். அப்பவும் நிறத்தை நம்பிராத. டிமார்சியோ கம்பெனி பிக்கப்புல சத்தம் வாரது செவப்பு ஒயர்ல. சீமோர் டங்கன்ல கறுப்புல. கறுப்பை எர்த்துன்னு நெனச்சு மண்ணுக்குக் குடுத்துட்டு, சத்தம் எங்கன்னு ராத்திரி பூரா தேடுவ.

ஈயமும் லேசுப்பட்டதில்ல. எர்த்து ஒயரை ஒட்ட, வால்யூம் கன்ட்ரோலோட முதுகை உப்புத்தாள் வச்சுச் சொரண்டு. சூட்டுக்கோலை முதுகுல வச்சுக் காய விடு. ஈயத்தைக் கோல் முனையில உருக்கிச் சொட்டாத. காஞ்ச முதுகுல தொட்டா, தானா எண்ணெய் மாதிரி பரவும். உடனே கோலை எடுத்துரு, நின்னா உள்ள இருக்குற கரி வெந்துரும். ஆறுததுக்குள்ள ஒயரை ஆட்டிராத. பழைய ஈயம்-வெள்ளீயக் கலவைன்னா ஒட்டு மினுங்கும். மங்கிப் பொரிஞ்சு கெடந்தா அது பச்சை ஒட்டு. கச்சேரி நடுவுல காலை வாரும். பெயிண்டு மேல பழைய வேட்டியை விரிச்சுக்க. ஒரு சொட்டு விழுந்தா அழியாத பொட்டு.

ஆக, மாசத்துக்கொரு பிக்கப் மாத்துதவனுக்குச் சொருகு. ஒண்ணை மாட்டி ஆயுசுக்கும் வாசிக்கவனுக்கு ஈயம். சத்தத்துல ரெண்டும் ஒண்ணுதான்.

ஆசாரி நகையில பொடி வச்சு ஊதுனா ஒட்டு வெளிய தெரியாது. தாத்தன் பொடி வச்சுப் பேசுனாலும் அப்படித்தான், வீட்டுக்குப் போன பொறவுதான் சுடும். இந்த வருசத்துல இது உனக்கு மூணாவது பிக்கப்பு. மூணுலயும் நீ வாசிச்சது அதே அரைப் பாட்டு. உங் கித்தார்ல விட்டுப்போன ஒட்டு எதுன்னு எனக்குத் தெரியும். வாயால சொல்ல மாட்டேன்.

இந்தா, என் சூட்டுக்கோலை எடுத்துட்டுப் போ. ஒயரைப் பத்தவச்சு முடிச்சுட்டு, இதே திண்ணையில உக்காந்து ஒரு பாட்டை முழுசா வாசிச்சுக் காட்டு. அதுக்குப் பொறவு நாலாவது பிக்கப்பு நானே வாங்கித் தாரேன்.