பல்துறைப் பயிற்சிப் பட்டறை: விளக்கக் கடிதம்

பெறுநர்: பயிற்சிப் பிரிவுத் தலைமை அலுவலர் அவர்கள்

பொருள்: பட்டறை நடத்தும் முறை, தெளிவுரை

பல்துறைப் பயிற்சிப் பட்டறை என்பது செவிலியர், பொறியாளர், கணக்குப் பிரிவினர், எழுத்தர் ஆகியோரை ஒரே கூடத்தில் உட்காரவைக்கும் ஏற்பாடு. இன்றியமையாதவை: தேதி போட்ட பேனர், குத்துவிளக்கு, வருகைப் பதிவேடு. சொல்லித்தர ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

சுற்றறிக்கையின்படி தொடக்கம் காலை 10 மணி. சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை மணி பத்தாகாது. பிறகு கூச்சம் போக்கும் விளையாட்டு. ஓய்வுபெற இரண்டே ஆண்டு பாக்கியுள்ள கண்காணிப்பாளரின் காலில் பலூனைக் கட்டி, அடுத்தவர் பலூனை மிதித்து உடைக்கச் சொல்வது மரபு. முழங்கால் வலி உள்ளவர்கள் கைதட்டலாம்.

அடுத்தது பவர்பாயிண்ட். படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20, செய்ததில் 90 நினைவில் நிற்கும் என்று ஒரு பிரமிடு திரையில் தவறாமல் தோன்றும். அடியில் எட்கர் டேல் பெயர். டேல் 1946-இல் வெளியிட்ட அனுபவக் கூம்பில் சதவீதமே கிடையாது. எண்கள் பின்னால் வந்தவர்களின் கைவேலை. செய்துபார்த்துக் கற்பதே சிறந்தது என்ற இப்பாடத்தைப் பங்கேற்பாளர்கள் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

வயது வந்தோர் கல்வி குறித்து மால்கம் நோல்ஸ் எழுதியவை பிரிவுக்கு இடையூறானவை. பெரியவர்கள் 'இது எதற்கு?' என்று கேட்பார்கள், கையிலுள்ள சிக்கலுக்கு வழி தேடுவார்கள், அவர்களது அனுபவமே பாடப்பொருள் என்றார் அவர். இந்த ஆபத்து தேநீர் இடைவேளையில் வெளிப்படையாகவே நிகழ்கிறது. மருந்துக் கோரிக்கை ஏன் ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது என்று செவிலியர் கேட்பார். கணக்குப் பிரிவுக்காரர் பிஸ்கட் தட்டை ஒதுக்கி, பேப்பர் கப்பின் மேலேயே படிவத்தை வரைந்து, காலியாக விடப்படும் கட்டத்தைக் காட்டுவார். பக்கத்து மேசைப் பொறியாளரும் தன் பில்லோடு வந்து நிற்பார். நல்லவேளை, இடைவேளை 15 நிமிடம்தான். விசில் ஊதியதும் எல்லோரும் பிரமிடுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மதிப்பீட்டுக்கு டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளை வகுத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் கடைப்பிடிக்கிறார்களா, பலன் கிடைத்ததா. சிக்கனம் கருதி முதல் படியோடு நிறுத்திக்கொள்வது பிரிவின் வழக்கம். பின்னூட்டப் படிவத்தைக் கொடுத்தால்தான் சாப்பாட்டு டோக்கன் என்பதால், 'சுமார்' என்ற கட்டத்தில் எவரும் டிக் அடிப்பதில்லை.

இப்படிக்கு,
பணிக்கப்பட்ட பங்கேற்பாளர்கள்