பதினாறரை

பழைய பொம்மை என்ஜினின் பக்கவாட்டில் உடம்போடு ஒட்ட வார்த்துவிட்ட கைப்பிடியைச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிஜக் கம்பி பொருத்துவது எப்படி என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதியே தீருவேன். அதற்கு முன் ஒருவரைப் பற்றி இரண்டு சொல் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

அவர் எங்கள் கோச்சிப் பைத்தியக் கூட்டத்தில் மூத்தவர், எங்களுக்கு அண்ணை. புதுக்கடையில் கறுப்புக் கோட்டுப் போடுபவர். போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்கு வந்து என் என்ஜினைக் கையில் எடுத்தார். கிட்டார் கம்பியை வெட்டி, வளைத்து, மயிரிழைத் துளையில் செருகியிருந்த பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே குப்புறக் கவிழ்த்தார். "தம்பி, கேஜ் பிழையெல்லோ?" என்றார்.

இது 60களில் இங்கிலாந்தில் ட்ரையாங் செய்த பிரஷ் டைப் 2. அதை நம் இலங்கை ரயில்வேயின் எம் 1 ஆக மாற்றுகிறேன். கனடாக்காரர் 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் அல்பேர்ட்டா, ஒன்டாரியோ என்று பெயர் எழுதித் தந்த எம் 2கள் வருவதற்கு முன்பே இங்கே ஓடியது பிரஷ் பாக்னலின் எம் 1. அதே பிரஷ், 1957இல் பிரிட்டிஷ் ரயில்வேக்குக் கொடுத்தது டைப் 2. இரண்டுக்கும் உள்ளே மிர்லீஸ் இயந்திரம். இரண்டுக்கும் போகிக்கு மூன்று அச்சு, நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. தம்பியை அண்ணனாக்குகிறேன், அவ்வளவுதான்.

கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி, பிழைதான். யார் இல்லையென்றது? நம் தண்டவாளம் ஐந்தரை அடி. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆர்ஜென்டினா, சிலி எல்லாம் அதே. சான் பிரான்சிஸ்கோ வட்டாரக் கோச்சிகூட 1972 முதல் அதில்தான் ஓடுகிறது. ஆனால் பொம்மைத் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். ஏன்? இங்கிலாந்து என்ஜின்கள் ஒல்லி. அந்தத் தண்டவாளத்துக்குப் பொருந்த அடிக்கு மூன்றரை மில்லிமீற்றர் என்று செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே போகாது. ஆகவே உடம்பை மட்டும் அடிக்கு நாலு மில்லிமீற்றராகப் பெருப்பித்துவிட்டு, தண்டவாளத்தை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரனின் சொந்தப் பாதைக்கே 18.83 வேண்டும், அவன் 16.5இல் ஓட்டுகிறான். அந்த இரண்டு சொச்சம் மில்லிமீற்றருக்காக அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆளையாள் கடிக்கிறார்கள். நமக்கோ சரியாக 22 வேண்டும். 16.5ஐ நாலால் வகுத்தால் நாலடி ஒன்றரை அங்குலம். நம் ஐந்தரை அடியிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? பதினாறரை அங்குலம்! இருப்பது பதினாறரை மில்லிமீற்றர், குறைவது பதினாறரை அங்குலம். இதை நான் அண்ணைக்கு ஒரு அதிசயமாகத்தான் சொன்னேன். அவரோ எதிரியின் வாக்குமூலம் கைக்கு வந்ததுபோல் தலையாட்டினார்.

"அப்ப அகட்ட வேண்டியதுதானே?"

அகட்டலாம். சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றி, நீளமான அச்சில் மாட்டலாம். மாட்டினால் சக்கரம் போகியின் பக்கச் சட்டத்தில் உரசும். சட்டத்தை வெட்டி வெளியே தள்ளினால் படிக்கட்டு இடிக்கும். எல்லாம் முடிந்தாலும் அது ஓட 22இல் தண்டவாளம் எந்தக் கடையில்? பஞ்சிகாவத்தையில் லொறிக்கு அச்சு இருக்கிறது, எனக்கில்லை. கட்டை கட்டையாக ஈயம் உருக்கி நானே ஒட்ட வேண்டும். அண்ணை ஒட்டியிருக்கிறாரா? அவருடைய வீட்டில் ஒரு என்ஜினும் இல்லை. புத்தகம் மட்டும் இருக்கிறது. பிழை பிடிக்கிறவனுக்கு என்ஜின் தேவையில்லை.

சரி, கைப்பிடிக்கு வருவோம். முதலில் சவர அலகைச் சாய்த்துப் பிடித்து, வார்த்த கைப்பிடியை மெல்லமாக... ஆனால் வர்ணம் முடிவாகாமல் இதில் கை வைக்க முடியாதே! கம்பி ஏறிய பிறகு உடம்புக்கு வர்ணம் அடித்தால் கம்பிக்குப் பின்னால் தூரிகை நுழையாது. வர்ணம் அடித்த பிறகு துளைத்தால் ஓரம் பெயரும். என்னிடம் உள்ள எம் 1 படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அதனால் என்ன, அண்ணைக்கு நிறம் ஞாபகம் இருக்கிறதாம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்த இன்னொருவருக்கும் ஞாபகம் இருக்கிறதாம். இரண்டும் வேறு வேறு நிறம். மூன்றாமவர் ஒருவர் இரண்டையும் மறுக்கிறார்; அவர் சொல்லும் நிறத்துக்குப் புறக்கோட்டையில் டின் இல்லை, கலக்கத்தான் வேண்டும்.

வருகிற ஞாயிறு மூன்று பேரும் என் வீட்டிலேயே கூடித் தீர்மானிக்கப் போகிறார்களாம். அண்ணை தொலைபேசியில் சொன்னார். கூடவே, போன முறை றோல்ஸ் ஆறிப்போயிருந்தது என்றும் சொன்னார்.